முத்துக் கரைக்கு ஆழம் வேண்டும்!

திருப்பூரில் ஒரு பனியன் தைக்கப்படுகிறது. அது ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

பனியன்களை அட்டைப்பெட்டியில் அடைக்கிறார்கள். அட்டைப்பெட்டிகளை ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் அடுக்குகிறார்கள். அந்த இரும்புப் பெட்டிக்குக் "கன்டெய்னர்" என்று பெயர். லாரி அதைச் சுமந்துகொண்டு திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு வருகிறது.

துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. ஆனால், அது ஜெர்மனிக்குப் போகும் கப்பல் அல்ல! கொழும்புக்குப் போகும் சின்னக் கப்பல்.

ஓர் இரவுப் பயணம். கொழும்பில் பெட்டியை இறக்குகிறார்கள். அடுக்கி வைக்கிறார்கள். பெரிய கப்பல் வந்ததும் மறுபடி தூக்கி ஏற்றுகிறார்கள். அதன் பிறகுதான் பனியனின் உண்மையான பயணம் தொடங்குகிறது.

தென் தமிழ்நாட்டுச் சரக்கில் பெரும் பகுதி பல ஆண்டுகளாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இறக்கவும் ஏற்றவும் ஆகும் செலவை யார் கொடுப்பது? ஜெர்மனிக்காரர் கொடுக்கமாட்டார். அவர் விலை பேசி வாங்குகிறவர். அந்தச் செலவு பனியன் கம்பெனி முதலாளியின் கணக்கில் ஏறுகிறது. முதலாளி அதை எங்கே ஈடு கட்டுவார் என்பது, தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

பெரிய கப்பல் ஏன் தூத்துக்குடிக்கே வரக்கூடாது?

கடவுள் கொடுத்த இடம்

இடத்தில் குறை இல்லை. உலகப் படத்தைப் பிரித்துப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் போகும் கப்பல்கள் இலங்கையின் தென்முனையை ஒட்டித்தான் போகின்றன. உலகின் பெரிய கடல் சாலைகளில் அது ஒன்று. குமரி முதல் ராமேசுவரம் வரை உள்ள முத்துக்குளித்துறைக் கரை, அந்தச் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது.

இன்னொரு வசதி, இலங்கைத் தீவு. வங்கக் கடலில் எழும் புயல்களுக்கு எதிரே அது சுவர் போல நிற்கிறது. அதனால் தூத்துக்குடியில் ஆண்டு முழுவதும் கப்பல் வேலை நடக்கிறது. புயல் குறைவு என்றால் மழைக்கும் பயமில்லை என்று எண்ணிவிடக்கூடாது. 2023 டிசம்பரில் பெய்த மழையில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. வீடுகளும் வயல்களும் உப்பளங்களும் மூழ்கின.

சரக்குக்கும் பஞ்சம் இல்லை. உப்பு, தீப்பெட்டி, பின்னலாடை, இறால், மீன், நிலாவாரை இலை எல்லாம் இங்கிருந்து போகின்றன. நிலக்கரியும் மரமும் முந்திரிக்கொட்டையும் வந்து இறங்குகின்றன. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டிலே முதலிடம் தூத்துக்குடிக்கு. 2025 ஆகஸ்டில் வியட்நாம் நாட்டுக் கம்பெனி ஒன்று இங்கே மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. துறைமுகம் பக்கத்தில் இல்லாவிட்டால் அது இங்கே வந்திருக்குமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து, கடலை அறிந்த மக்கள். பழைய துறைமுகத்துக்குப் போனால் தோணிகளைப் பார்க்கலாம். எல்லாம் மரத்தால் கட்டிய கலங்கள். காய்கறி, வெங்காயம், சிமெண்டு, கல் எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. பயிர் அதிகம் விளையாத அந்தச் சின்னஞ்சிறு தீவுகளில் வேகும் குழம்பில் தூத்துக்குடி வெங்காயமும் சேர்ந்திருக்கும். கன்டெய்னர் யுகத்திலும் தோணி பிழைத்திருப்பது, அதை ஓட்டுகிறவர்களின் திறமைக்குச் சான்று.

கொற்கை ஏன் போயிற்று?

இத்தனையும் இருந்தும் குறை எதில்? ஆழத்தில்!

இந்தக் கரையின் கதை முழுவதும் ஆழத்தின் கதைதான். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்தது. அதன் பெயர் கிரேக்கர்களுக்கும் தெரியும். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. கடல் விலகிப் போனது. இன்று கொற்கை ஒரு சிற்றூர். கடலுக்குப் போக அங்கிருந்து சில கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

கொற்கைக்குப் பிறகு காயல் ஓங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்த துறைமுகம் அது. அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே வந்து இறங்கின. அதையும் மண் விடவில்லை. அதன் பிறகே தூத்துக்குடிக்கு வாழ்வு வந்தது. போர்த்துக்கீசியர் வந்தனர். 1658இல் டச்சுக்காரர் பிடித்தனர். கடைசியில் ஆங்கிலேயர்.

1876இல் ரயில் வந்தது. அப்போதும் கப்பல் கரைக்கு வர முடியவில்லை. நீர் ஆழமில்லை. கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நின்றன. மூட்டைகளையும் மனிதர்களையும் படகில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்தக் கடலில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். "காலியா", "லாவோ" என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. 1908இல் அரசாங்கம் சிதம்பரனாரைச் சிறையில் தள்ளியது. அவர் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அவர் கேட்டது என்ன? நம் சரக்கு நம் கப்பலில் போக வேண்டும். அவ்வளவுதான்! அந்தக் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

சுதந்திர இந்தியாவில் கடலுக்குள்ளே இரண்டு கல் அணைகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம். நடுவே அலை அடங்கிய நீர். 1974 ஜூலை 11ஆம் தேதி தூத்துக்குடி, நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாயிற்று. 2011இல் அதற்குச் சிதம்பரனாரின் பெயரே சூட்டப்பட்டது.

இன்னும் இரண்டு மீட்டர்

2024 செப்டம்பரில் அங்கே ஒரு புதிய கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. அதில் 14.2 மீட்டர் வரை நீரில் அமிழும் கப்பல் நிற்கலாம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால், 20 ஆயிரத்துக்கு மேல் பெட்டிகள் சுமக்கும் இன்றைய ராட்சதக் கப்பல், முழுச் சரக்கோடு வந்தால் சுமார் 16 மீட்டர் அமிழும். இடையில் உள்ளது இரண்டு மீட்டர்தான். ஒரு ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த இரண்டு மீட்டருக்காகத்தான் பனியன் கொழும்பில் இறங்கி ஏறுகிறது.

கொழும்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் முந்திக்கொண்டார்கள், 18 மீட்டர் ஆழத்தில் முனையம் கட்டினார்கள். இப்போது மலைக்கு அந்தப் பக்கம் விழிஞ்ஞமும் வந்துவிட்டது. அங்கே கடல் இயற்கையாகவே 18 மீட்டருக்கு மேல் ஆழம். 2025 மே 2ஆம் தேதி அந்தத் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. பெட்டிக்குக் கொழும்பானால் என்ன, விழிஞ்ஞமானால் என்ன? கட்டணம் எங்கே குறைவோ, கப்பல் எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ, அங்கே போகும்.

தூத்துக்குடியில் வெளித்துறைமுகம் கட்ட 2024 பிப்ரவரி 28ஆம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். 7 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம். அதை இழுத்தடிக்கக்கூடாது. கப்பல் கம்பெனிகள் ஒரு துறைமுகத்தில் பழகிவிட்டால் எளிதில் இடம் மாறுவதில்லை.

ஆனால், அவசரத்தில் ஒன்றை மறந்துவிடக்கூடாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. 1986 முதல் அது கடல் தேசியப் பூங்கா. அந்தத் தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. அவற்றில் ஒன்றான விலாங்குச்சல்லி, தூத்துக்குடிக்குப் பக்கத்திலேதான் இருந்தது. பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு காரணம். பவளப்பாறை போனால் மீன் போகும். மீன் போனால் மீனவன் எங்கே போவான்?

இந்த ஊருக்கு நினைவு அதிகம். 2018 மே 22ஆம் தேதி, தாமிர ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் மாண்டார்கள். மக்களின் பேச்சைக் காலத்தில் கேட்காததால் வந்த துயரம் அது.

ஆகவே, கடலடியைத் தோண்டும் எந்திரம் வருவதற்கு முன்பே அதிகாரிகள் கரைக்குப் போகட்டும். எத்தனை மீட்டர் தோண்டப்போகிறார்கள், அள்ளிய மண்ணை எங்கே கொட்டப்போகிறார்கள், வலை வீசும் இடம் எவ்வளவு குறையும், அதற்கு என்ன ஈடு, கிரேன் ஓட்டும் வேலையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பதையெல்லாம் தமிழில் அச்சிட்டுத் திரேஸ்புரத்து மீனவர்களின் கையில் கொடுக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து படித்துக் காட்டட்டும்.