மின்னூலும் எழுத்துருவுரிமையும்

ஈயவெழுத்துக் கோத்து நூல் அச்சிட்ட காலத்தே எழுத்தை விலைக்குக் கொண்டவன் அதற்கு உடையவனாயினான். தேயுமளவும் அதனால் எத்துணை நூலும் அச்சிடலாம். அச்சிட்ட தாள் வாசகன் கைக்குச் செல்லும். எழுத்தோ அச்சுக்கூடத்திலேயே கிடக்கும். மின்னூலின் நிலை வேறு. எழுத்துருவை நூலினுட் பொதிந்து அனுப்புங்கால் ஒவ்வொரு படியோடும் எழுத்தச்சும் உடன் செல்கின்றது. எழுத்துரு வாங்கினோம் என்பார் பலர் பெற்றது, தம் கணினியில் அதனை வழங்கும் உரிமமே. மின்னூலிற் பொதித்தற்குச் சில நிறுவனங்கள் வேறு உரிமத்தை, அதுவும் நூலொன்றுக்கு ஒன்றாக, விற்கின்றன.

பொதியாதுவிட்டால் என்னை எனின், கூறுதும். பாமினி எழுத்துருவில் ஆக்கிய பழங்கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கருவியிற் றிறப்பின், தமிழ் என்னுஞ் சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாய்த் தோன்றும். அவ்விடரை ஒருங்குறி தீர்த்தது. ஆயினும் பழம்பதிப்பைப் பேணுவார்க்கு வேறோரிடர் எஞ்சிற்று. 1978இல் தமிழ்நாட்டரசு ணா, லை முதலிய 13 எழுத்துக்களின் வடிவை மாற்றியது. மாணவர் யானைத் தும்பிக்கை என வியக்கும் பழைய லைகாரத்துக்கும் இன்றைய லைகாரத்துக்கும் ஒருங்குறியிற் குறியீடு ஒன்றே. வேற்றுமை எழுத்துருவைப் பற்றியது. எனவே, நாவலர் பதிப்பொன்றை அதன் எழுத்து வடிவோடு காட்ட விழைவார் அவ்வடிவுடைய எழுத்துருவைப் பொதித்தே ஆகல் வேண்டும். இன்றேல் வாசகனது கருவி தன் எழுத்தை இட்டுவிடும். மாற்றம் நேர்ந்ததென அவன் அறியவும் மாட்டான்.

இதற்காக, பிறர் எழுத்துருவைக் கேளாது பொதித்து விற்பாரும் உளர். பொதித்தல் ஆகும், ஆகாது, காட்டவும் அச்சிடவும் மாத்திரம் ஆகும் என்றாற்போலுங் குறிப்பு எழுத்துருக் கோப்பினுள்ளேயே உண்டு. அதனை நோக்குவார் யார்? அக்குறிப்புத்தானும் உரிமப்பத்திரத்துக்கு ஈடாகாது. நூலாசிரியனுக்குப் பதிப்புரிமை வேண்டும் என வாதிடும் நாம், அவன் சொல்லுக்கு உருவமைத்தவன் உழைப்பை இலவசமாகக் கொள்ளுதல் எவ்வாறு தகும்?

நேரியவழி இல்லாமலில்லை. 2007இல் வெளிவந்த எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1ஆம் பதிப்பு, எழுத்துருவைத் தனியே விற்றலை விலக்கி, பொதித்தற்கும் திருத்தற்கும் இசைவளிக்கின்றது. திருத்தியதும் அதே உரிமத்தின்கீழ் வழங்கல் வேண்டும். நோட்டோ தமிழெழுத்துருக்கள் இவ்வகையின. பழைய வடிவங்களும் தமிழெண்களும் செவ்வனே அமைந்த எழுத்துருவொன்றை இவ்வுரிமத்தின்கீழ் ஆக்குவிக்க நம் பல்கலைக்கழகங்கள் முன்வருதல் வேண்டும். வரைவோனுக்குத் தக்க ஊதியத்தை முதற்கண்ணே கொடுத்துவிடின், பின்னர்ப் பதிப்பாளர் எவரும் அதனைத் தம் நூல்களிற் கூசாது பொதித்துக்கொள்ளலாம்.