உடன்பயில்வோர் மதிப்பீடு: மதிப்பெண்ணா, மறுவரைவா?

நன்னூலின் பொதுப்பாயிரம் பாடங்கேட்டலின் வரலாற்றைக் கூறுமிடத்துக் கணக்கு ஒன்றைத் தருகிறது. ஆசிரியர் உரைத்ததைச் செம்மையாகக் கொண்ட மாணாக்கனும் அவர்பால் பெறுவது காற்பங்கு புலமையே. உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு உரைத்தலால் நிறைவுறும் என்பது பவணந்தியார் கருத்து. இன்றைய முதுகலைத் தமிழ் வகுப்புகள் பலவற்றில் முதற் காற்பங்கிற்கே இடமுள்ளது. மாணவர் எழுதும் கட்டுரையை ஆசிரியர் ஒருவரே படிக்கிறார். மதிப்பெண் இட்டபின் அக்கட்டுரை மீண்டும் திறக்கப்படுவதில்லை.

இக்குறையை நீக்க உடன்பயில்வோர் மதிப்பீடு உதவும். ஆயினும், அதனை மதிப்பெண் இடும் உரிமையாக அன்றி, கட்டுரையைத் திருத்தி எழுதத் துணைசெய்யும் பயிற்சியாகவே கொள்ளுதல் வேண்டும்.

மாணவர்க்கு மதிப்பிடும் திறன் இல்லை என்பது இதற்குக் காரணமன்று. 48 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஃபால்சிகோவ், கோல்ட்ஃபின்ச் ஆகியோரின் கட்டுரை (2000), மாணவர் இட்ட மதிப்பெண்ணுக்கும் ஆசிரியர் இட்ட மதிப்பெண்ணுக்கும் இடையே சராசரியாக 0.69 அளவிலான ஒட்டுறவைக் கண்டது. கூறுகூறாகப் பிரித்து மதிப்பெண் இடுவதைக் காட்டிலும், நன்கு விளங்கிய அளவுகோல்களைக் கொண்டு முழுமையாக மதிப்பிடும்போது இவ்வொற்றுமை மிகுந்தது. எனவே திறன் ஐயத்திற்குரியதன்று; சூழலே ஐயத்திற்குரியது. அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண் தேர்ச்சியையும் தரவரிசையையும் பாதிக்கும் இடத்தில், ஈராண்டுகள் ஒரே அறையில் பயில்வோர் நட்பையும் பகையையும் சாதி வேறுபாட்டையும் வாயிலில் விட்டுவருவர் என எதிர்பார்த்தல் இயலாது. பெயரை மறைத்தாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

மதிப்பெண் நீங்கின் இவ்வச்சம் பெரிதும் குறையும். அப்போது மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை எழுப்பினால் போதும்: கட்டுரையின் கருதுகோள் யாது? அதற்குக் காட்டப்பெற்ற சான்று அதனைத் தாங்குகிறதா? உரையாசிரியர் கருத்தும் கட்டுரையாளர் கருத்தும் வேறுபடுத்தப்பட்டுள்ளனவா? சான்றாக, குறுந்தொகைப் பாடல் ஒன்றைத் தோழி கூற்று எனக் கொண்டு ஒரு மாணவர் கட்டுரை வரையலாம். அம்முடிவு பாடலடிகளிலிருந்து பெறப்பட்டதா, பிற்காலத்தார் வகுத்ததாகக் கருதப்படும் கூற்றுக் குறிப்பிலிருந்து பெறப்பட்டதா என உடன்பயில்பவர் வினவின், எழுதியவர் பாடலை மீண்டும் படிக்க நேரும். வினவியவரும் தம் கட்டுரையில் அவ்வேறுபாட்டைத் தேடத் தொடங்குவார்.

இம்முறையால் ஆசிரியரின் பணிச்சுமை குறையும் எனக் கருதலாகாது. அளவுகோல்களை வகுப்பில் கலந்துரையாடி வகுத்தல், மாதிரிக் கட்டுரை ஒன்றை அனைவரும் கூடி மதிப்பிடுதல், முதல் வரைவையும் மறுவரைவையும் ஒப்பிட்டு நோக்குதல் ஆகியன அவர்தம் பொறுப்பே. கட்டுரைக்குரிய மதிப்பெண்ணையும் அவரே வழங்குதல் வேண்டும். அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண்ணை, மாணவர் பிறர் கட்டுரைக்கு எழுதிய கருத்துரையின் தரத்திற்கென ஒதுக்கலாம். நட்புக்காகப் புகழ்ந்து எழுதும் கருத்துரை அங்கே மதிப்பிழக்கும்.

நன்னூல் உடன்பயில்வோர்க்குத் தந்த பங்கு கற்றலில் உரிய பங்கே, தேர்வில் உரியதன்று. முனைவர் பட்ட ஆய்வேட்டின் மீது எழுப்பப்படும் வினாவே ஒரு மாணவர் எதிர்கொள்ளும் முதல் வினாவாக அமையும் நிலை மாற வேண்டுமாயின், அப்பங்கினை முதுகலையின் முதற் பருவத்திலேயே வழங்குதல் இன்றியமையாதது.