ஒற்றியும் உறுதியும்

வல்வெட்டித்துறையார் ஒரு காலத்தில் கைப்பொருளைக் கப்பலில் முடக்கினர். இவ்வூரிற் கட்டிய ‘அன்னபூரணி’ 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்த கதையை இங்கு அறியாதார் அரியர். இன்று கடல் கடந்து உழைப்போரின் பணம் கல்லிலும் சீமெந்திலும் இறங்குகின்றது. ஊரில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் முதுமைக்கு ஊன்றுகோலாகும் என எண்ணும் அன்பர் பலரை நாம் அறிவோம். எண்ணம் நன்றே. ஆயினும், கப்பல் மூழ்கினால் கண்ணுக்குத் தெரியும். உறுதியிலே மூழ்கிய வீடோ வெள்ளையடித்து அழகாகவே நிற்கும்.

ஆதலின், வீட்டைப் பார்க்குமுன் அது விற்பவர்க்கு எவ்வழி வந்தது என்று கேட்க வேண்டும். முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா? 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை இன்றும் நம் காணிகளைத் தொடர்கின்றது. சீதன வீட்டைப் பெண்ணொருத்தி விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. (பெண்ணின் வீட்டுக்கு ஆணின் கையொப்பம் எதற்கு என்பது நியாயமான கேள்வியே. ஆயினும் அக்கையொப்பம் இல்லாத பழைய உறுதியை வாங்குபவர்க்கு அக்கேள்வி துணை செய்யாது.) தேடியதேட்டமாயின் கணவன் மனைவி இருவர்க்கும் பங்குண்டு. முதுசமாயின் உடன்பிறந்தார் பங்குகள் பிரியாமற் கிடக்கலாம். ஒருவர் ரொறன்ரோவில் இருப்பார், ஒருவர் இலண்டனில் இருப்பார். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம், பங்காளர்க்கும் விற்பவரின் வாரிசாகத் தக்கவர்க்கும் பிறரை முந்தி வாங்கும் உரிமையை அளித்தது. அவர்களுக்கு முறைப்படி அறிவியாது வாங்கிய வீட்டின் முதல் வாடகை வழக்கறிஞர்க்கே போகும்.

அற்றோணித் தத்துவத்தைக் காட்டி ஒருவர் விற்க வந்தால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு உள்ளாரா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். அவர் இறந்தால் அத்தத்துவமும் முடிந்தது.

பிறநாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் பெயரிற் காணி எழுதுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது. இரட்டைக் குடியுரிமை உடையார்க்கு அத்தடை இல்லை. ‘தம்பி பெயரில் எழுதி வைப்போம்’ என்பது ஊரில் எளிதாகச் சொல்லும் வழி. தம்பி நல்லவரே, ஆனால் தம்பிக்கும் மனைவி மக்கள் உண்டு.

இத்தனையும் கேட்டு மலைப்பவர்க்கு நாம் சொல்வது, முதலில் ஒற்றியைப் பழகிப் பாருங்கள் என்பதே. பணம் கொடுத்தவர் வீட்டை ஏற்று, வட்டிக்கு ஈடாக அதன் பயனை அனுபவிப்பார். உடையவர் முதலைத் திருப்பும் நாளில் வீட்டையும் திருப்புவார். தாமே குடியிருக்கலாம், பிறர்க்கு வாடகைக்கும் விடலாம், அதற்கு உறுதியில் இடம் வைத்திருந்தால். ஓடு மாற்றுவது யார் செலவு, கிணறு இறைப்பது யார் செலவு என்பவற்றையும் அவ்வுறுதியிலேயே எழுதுவித்துக் கொள்க. சிறு முதலோடு வாடகைக்காரரையும் பழுதுபார்க்கும் செலவையும் அறிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளி இல்லை. ஒன்று மாத்திரம் நினைவிருக்கட்டும்: திரும்பி வருவது கொடுத்த ரூபாய்தான். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாயளவு இருந்த மதிப்பு, மே மாதத்தில் 350ஐக் கடந்தது. 20 இலட்சத்துக்கு ஒற்றி வைத்தவரின் 10,000 டொலர், இரண்டரை மாதத்தில் 6,000க்கும் கீழ் இறங்கிவிட்டது. ஆகவே ஒற்றியை நெடுங்காலத்துக்கு வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுத் தவணை போதும்.

வாங்குவதாயினும் ஒற்றி ஏற்பதாயினும், நொத்தாரிசிடம் போகுமுன் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடுவித்து, பழைய ஈடோ வழக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பெயர்வுகளில் மூல உறுதியை இழந்த குடும்பங்கள் இங்கு பல. அவர்களுக்கும் அப்பதிவேடே ஆதாரம்.

வாடகை நிற்பதும் போவதும் கிணற்றினால். நம் சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. இயந்திரத்தால் மிகுதியாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். மலகூடக் குழி கிணற்றுக்கு அண்மையில் இருந்தால் அதைவிடக் கேடு. தரகர் கார்த்திகை மழையில் அழைத்துக் காட்டும் கிணறு எல்லாம் இனிக்கும். நீங்கள் ஆவணியிற் போய் ஒரு செம்பு நீர் குடித்துப் பாருங்கள்.