நிழலில் எடுத்த வெயில் கணக்கு

கோடை தொடங்கியதும் தமிழ்ச் செய்திகளில் ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடுகிறது: ‘பல ஊர்களில் வெயில் சதம்’. கரூர் பரமத்தி, வேலூர், ஈரோடு, திருத்தணி என்று 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பட்டியல் வரும். பட்டியலில் தங்கள் ஊர் இல்லாதவர்கள், இன்றைக்குத் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சென்னையிலோ கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ 35 டிகிரி செல்சியஸ் என்று பதிவான நாளில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் மூச்சு முட்டுகிறதே, அது எந்தப் பட்டியலிலும் சேர்வதில்லை. பட்டியலில் சேராததால் எச்சரிக்கை இல்லை. எச்சரிக்கை இல்லாததால் வேலை நேரத்திலும் மாற்றம் இல்லை.

இந்தக் கணக்கு முறை மாற வேண்டும். காற்றின் வெப்பநிலையோடு ஈரப்பதம், நேரடி வெயில், காற்றோட்டம் மூன்றையும் சேர்த்து, மனித உடல் தாங்க வேண்டியிருக்கும் மொத்தச் சுமையை அளக்க வேண்டும். அந்த அளவுக்கேற்ப எச்சரிக்கை வர வேண்டும். வேலை நேரமும் தீர்மானிக்கப்பட வேண்டும்.

வானிலைத் துறை சொல்லும் எண் பொய்யல்ல. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் வெப்பமானிகள் வெள்ளை வண்ணம் பூசிய, பக்கவாட்டில் சாய்சட்டங்கள் வைத்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் இருக்கின்றன. வெயில் அவற்றின் மேல் நேரடியாகப் படக்கூடாது, காற்று மட்டும் உள்ளே போய்வர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. உலகமெங்கும் ஒரே முறையில் அளந்தால்தான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடும், இந்த ஆண்டைச் சென்ற நூற்றாண்டோடும் ஒப்பிட முடியும். 1792-இல் சென்னையில் வானாய்வகம் நிறுவப்பட்ட காலத்தை ஒட்டித் தொடங்கிய இந்தப் பதிவுகளின் அருமையைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. புவி சூடாகிறது என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவதே இப்படிப்பட்ட நெடுங்காலப் பதிவுகளால்தான்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் யாரும் வாழவில்லை. அண்ணா சாலையில் தார் கொதிக்கிற சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், பழைய மகாபலிபுரம் சாலையில் பத்தாவது மாடியில் கம்பி கட்டும் தொழிலாளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அடுப்போடு மல்லுக்கட்டும் பெண் ஆகியோருக்கு அந்த எண் பொருந்தாது. நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டக்கூடும். அங்கே நிற்பவரை மேலிருந்து வெயிலும் கீழிருந்து தரையும் சேர்ந்து சுடுகின்றன.

அதைவிடப் பெரிய விஷயம் ஈரப்பதம். உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளப் பெரிதும் நம்பியிருக்கும் வழி வியர்வை. வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை; வியர்வை ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. உடலில் நீரும் உப்பும் குறைகின்றன, சூடு மட்டும் குறைவதில்லை. தோலுக்கு ரத்தத்தை அனுப்பி அனுப்பி இதயம் களைக்கிறது. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தப்பினால் அது வெப்பவாதம்; அதன்பிறகு ஒவ்வொரு நிமிடமும் உயிர்ப் போராட்டம்தான்.

அமெரிக்க வானிலைச் சேவை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டு அட்டவணையைப் பாருங்கள். 35 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் உடல் உணர்வதும் ஏறத்தாழ 35 தான். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதமானால் உடல் உணர்வது 45 டிகிரி. 75 சதவீதமானால் 50-ஐத் தாண்டிவிடுகிறது. இவை எல்லாம் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம் என்று அந்தச் சேவையே சொல்கிறது.

சென்னையின் கோடை மதியங்களில் நடப்பதை இதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். காலையில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசுகிறது; பாதரசம் கிடுகிடுவென ஏறுகிறது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது. காற்று வீசுமிடத்தில் நிற்பவருக்கு அது இதமாக இருக்கும். ஆனால் அந்தக் காற்று ஈரத்தையும் சுமந்து வருகிறது. ஜன்னல் இல்லாத பட்டறைக்குள்ளும், நெருக்கியடித்த சந்துகளுக்குள்ளும் காற்று நுழைவதில்லை, ஈரம் மட்டும் நுழைகிறது. தாளில் வெப்பம் குறைந்த அதே நேரத்தில் அங்கிருப்பவரின் உடலில் சுமை கூடுகிறது.

இனி, வெப்ப அலை என்று அறிவிப்பதற்கு இந்திய வானிலைத் துறை வைத்திருக்கும் விதியைப் பார்ப்போம். சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும். கடலோரத்தில் 37-ஐத் தொட வேண்டும். அதோடு, பொதுவாக, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாட்கள் இப்படி இருந்தால், இரண்டாம் நாளில் வெப்ப அலை அறிவிக்கப்படும். மே மாதத்தில் சென்னையின் வழக்கமான அளவே 37 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆக, ஏறத்தாழ 41.5 டிகிரிக்குப் போனால்தான் இங்கே வெப்ப அலை. 38 டிகிரி வெயிலும் 55 சதவீத ஈரப்பதமும் வாரக்கணக்கில் நீடித்தாலும் விதியின் கண்ணில் அது சாதாரணக் கோடைதான். வழக்கமாகவே ஆபத்தான ஊர் என்பதே, ஆபத்தை அறிவிக்காமல் இருப்பதற்குக் காரணமாகிவிடுகிறது.

இரவு பற்றிய விதி இன்னும் மோசம். பகலில் 40 டிகிரிக்குக் குறையாமல் இருந்த நாளில் மட்டுமே ‘வெப்ப இரவு’ கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பகலில் 37, இரவில் 30, விடியும்வரை புழுக்கம் என்ற நிலை கடலோரத்துக்கே உரியது. பகலில் சேர்ந்த சூட்டை உடல் இறக்கி வைப்பது இரவுத் தூக்கத்தில்தான். அது கிடைக்காமல் மறுநாள் வேலைக்குப் போகிறவர் முதல் நாளின் களைப்போடுதான் வெயிலில் இறங்குகிறார். வெப்பத்தால் வரும் சாவுகளில் முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே, இரவில் இறப்பதும் உண்டு. அந்த இரவுகளை எண்ணுவதற்கே நம்மிடம் விதி இல்லை.

இதன் விளைவை நாடு பார்த்துவிட்டது. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில், மகாராஷ்டிர அரசின் விருது விழாவுக்காகத் திறந்த மைதானத்தில் லட்சக்கணக்கான மக்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அருகிலிருந்த வானிலை நிலையத்தில் பதிவானது சுமார் 38 டிகிரி. வெப்பத் தாக்கத்தில் 14 பேர் இறந்தார்கள். நம் மெரினாவில், 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படையின் சாகச நிகழ்ச்சி பகல் 11 மணி முதல் 1 மணி வரை நடந்தது. அன்று 5 பேர் இறந்தார்கள். பலர் நீர்ச்சத்து இழந்து மயங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். அது கோடையே அல்ல, அக்டோபர். அதன்பின் கூட்ட நெரிசல் பற்றியும் குடிநீர் பற்றியும் போக்குவரத்து பற்றியும் நிறைய வாதம் நடந்தது. எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் அந்த நேரத்தில், அந்தக் கடற்கரை வெயிலில், அத்தனை மக்களை நிற்க வைக்கலாமா கூடாதா என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே சொல்லும் அளவுகோல் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பதே முதன்மையான கேள்வி.

அந்த அளவுகோல் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. 1950-களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததைத் தொடர்ந்து உருவான முறை அது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி ஒன்று, சாதாரண வெப்பமானி ஒன்று. இறுதி எண்ணில் ஈரத்துணி வெப்பமானிக்குப் பத்தில் ஏழு பங்கு, கறுப்புக் கோளத்துக்கு இரண்டு பங்கு. செய்தியில் நாம் அன்றாடம் கேட்கும் காற்றின் வெப்பநிலைக்கு ஒரே ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டுதான் நாம் இத்தனை ஆண்டுகளாக வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கத்தாரில் 2021 முதல், இந்த அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். சிங்கப்பூரில் 2023 முதல், 32 டிகிரியைத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். நடைமுறையில் அங்கேயும் குறைகள் இருக்கலாம். ஆனாலும், தோஹாவில் சாரத்தில் ஏறும் தமிழருக்கும் சிங்கப்பூரில் கான்கிரீட் போடும் தமிழருக்கும் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு, சிறுசேரியில் அதே வேலையைச் செய்யும் அவர் தம்பிக்கு இல்லை. அண்டை மாநிலமான கேரளம்கூட ஒவ்வொரு கோடையிலும் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று உத்தரவிடுகிறது.

தமிழக அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. சென்னையில் சிக்னல்களில் பச்சை நிழல்வலைகள் கட்டப்பட்டன. உணவு விநியோகத் தொழிலாளர்களுக்குக் குளிரூட்டிய ஓய்வறை திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் பேரிடர் என்று அறிவித்துவிட்டு, அதை அளக்கப் பழைய கோலையே வைத்திருந்தால் கடலோர மாவட்டங்களின் ஏழைகளுக்கு அந்த அறிவிப்பு எட்டாது. வெப்ப அலை அறிவிக்கப்படாத நாளில், 36 டிகிரி புழுக்கத்தில் சுருண்டு விழுந்து இறந்த கட்டடத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் நிவாரணம் உண்டு என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைக்க வேண்டும்.

வானிலைத் துறையும் 2023 முதல் வெப்பக் குறியீட்டைச் சோதனை முறையில் வெளியிட்டு வருகிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் அதன் வண்ண வரிசையில் சிவப்பு 55 டிகிரிக்கு மேல்தான் வருகிறது. அமெரிக்க அட்டவணை 52-ஐ நெருங்கும்போதே அதிதீவிர ஆபத்து என்கிறது. நாம் வெயிலுக்குப் பழகியவர்கள் என்பது இதற்குப் பதிலாகாது. பழக்கம் ஓரளவு உதவும். வியர்வையே ஆவியாகாத காற்றில் பழக்கத்துக்கும் எல்லை உண்டு. ஈரத்துணி வெப்பமானி 35 டிகிரியைத் தொட்டால் ஆரோக்கியமான உடலும் தாங்காது என்பது பழைய கணிப்பு. 2022-இல் வெளியான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, இளைஞர்களுக்கே அந்த எல்லை சுமார் 31 டிகிரிதான் என்று காட்டியது. கர்ப்பிணிகளின் நிலையை நம் மண்ணிலேயே நடந்த ஆய்வு சொல்கிறது: சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குறைப்பிரசவம் போன்ற பாதிப்புகளின் அபாயம் இரு மடங்காக இருந்தது.

அளவுகோலை மாற்றினால் கடலோரத்தில் வருடத்தில் பாதி நாள் எச்சரிக்கை நாளாகிவிடும், மக்கள் அலட்சியப்படுத்திவிடுவார்கள், வேலை முடங்கும் என்ற மறுப்பு வரும். பாதி நாள் ஆபத்து என்றால் அந்தப் பாதி நாளுக்கும் ஏற்றபடி வேலையை ஒழுங்கு செய்ய வேண்டும் என்றே அதற்குப் பொருள். அதிகாலையில் தொடங்கி முற்பகலில் நிறுத்தி மாலையில் தொடர்வது தூத்துக்குடி உப்பளத்திலும் செங்கல்சூளையிலும் தொழிலாளர்கள் இயன்றவரை தாங்களாகவே செய்துவருவதுதான். சட்டம் செய்ய வேண்டியது, அப்படி நிறுத்தும் நேரத்துக்குக் கூலி பிடிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது. கூலி போகும் என்றால் எந்த எச்சரிக்கையைப் பார்த்தும் யாரும் நிழலுக்கு ஒதுங்க மாட்டார்கள்.

மாவட்டந்தோறும் வெயில், ஈரம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவிகளைத் தமிழக அரசு நிறுவ வேண்டும். முதலில் கடலோர மாவட்டங்களிலும், தொழிற்பேட்டைகளிலும், மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளிலும். அந்த எண் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஊதியத்துடன் கூடிய ஓய்வு கட்டாயம் என்று தொழிலாளர் துறை விதி வகுக்க வேண்டும். விழாக்களுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் அனுமதி வழங்கும் காவல் துறை, அந்த எண்ணைப் பார்த்துவிட்டே நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். இரவு வெப்பத்துக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் சதம் எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஊரின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் உடல் உணரும் வெப்பத்தையும் போட வேண்டும். இந்தப் பொறுப்பு எங்களுக்கும் உண்டு. அடுத்த அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் தொழிலாளர் துறையின் அரசாணையாவது வெளிவர வேண்டும் என்று முதலமைச்சரைக் கேட்டுக்கொள்கிறோம்.