சைலிட்டோல் பற்பசையும் முருங்கன் கிணற்றுத் தண்ணீரும்

கனடாவிலிருந்து வந்த பொதிக்குள் மூன்று பற்பசைக் குழாய்கள் இருந்தன. முருங்கனில் இருக்கும் என் பெரியம்மா அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டி, ஏழு வயதுப் பேரனுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கிறார். "இதில சைலிட்டோல் இருக்காம். பல் சூத்தை வராதாம். மகள் சொல்லித்தான் அனுப்பினவள்" என்றார்.

குழாயைத் திருப்பிப் பார்த்தேன். சைலிட்டோல் இருந்தது. புளோரைட் இல்லை. இல்லை என்பதையே பெருமையாகப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும் வயதில் இருக்கும் பிள்ளை ஆறு மாதமாகப் பாவித்தது இதைத்தான்.

நான் சொன்னதும் பெரியம்மா திருப்பிக் கேட்டார்: "புளோரைட் கிட்னிக்குக் கூடாதெல்லே?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. அனுராதபுரத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் விவசாயக் குடும்பங்களைச் சிறுநீரக நோய் தின்றுகொண்டிருக்கிறது. காரணம் இன்னும் தீர்க்கமாக நிறுவப்படவில்லை. சந்தேகப் பட்டியலில் நிலத்தடி நீரில் உள்ள புளோரைட்டும் ஒன்று. அதே தண்ணீர் பிள்ளைகளின் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறைகளை உண்டாக்குவதோ சந்தேகத்துக்கு இடமில்லாதது. வெப்ப நாட்டில் தண்ணீர் அதிகம் குடிக்கிறோம் என்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் நமக்குக் கூடுதல், 0.8ஐத் தாண்டக்கூடாது என்று இலங்கையில் செய்த ஓர் ஆய்வு 1992இலேயே சொல்லிவிட்டது.

ஆனால் தண்ணீரைப் பற்றிய நியாயமான அந்தப் பயம் பற்பசைக்கு மாறிவிட்டது. அந்தப் பயத்தில்தான் 'புளோரைட் அற்றது' என்ற சரக்கு விலைபோகிறது.

பெரியம்மாவுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 1,450 பி.பி.எம். புளோரைட் உள்ள பற்பசையில் பட்டாணி அளவு என்பது ஏறக்குறைய கால் கிராம். அதில் இருக்கும் புளோரைட் 0.36 மில்லிகிராம். துப்பாமல் முழுவதையும் விழுங்கினாலும் அவ்வளவுதான். லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள கிணற்றில் நாளுக்கு இரண்டு லீற்றர் குடித்தால் உடலுக்குள் போவது 3 மில்லிகிராம். தண்ணீரைத் துப்புவதில்லை, கொதிக்கவைத்தாலும் புளோரைட் போகாது.

சைலிட்டோல் பொய்யான சரக்கு அல்ல. பேர்ச் மரத்திலிருந்தும் சோளத்தண்டிலிருந்தும் எடுக்கும் ஓர் இனிப்பு அது. சூத்தையை உண்டாக்கும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தைக் கக்குவதுபோல இதைத் தின்று கக்க முடியாது. 1970களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஆய்வுகளோடு இது புகழ்பெற்றது. அங்கே கொடுத்தது உணவிலும் சூயிங்கத்திலும். பலன் எதிர்பார்க்க நாளுக்கு 5 முதல் 10 கிராம் வேண்டும் என்கிறார்கள். பத்து வீதம் சைலிட்டோல் உள்ள பற்பசையில் பட்டாணி அளவு எடுத்து இரண்டு வேளை தீட்டினால் வாய்க்குள் போவது 0.05 கிராம். நூறில் ஒரு பங்கு.

2015இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, புளோரைட்டோடு பத்து வீத சைலிட்டோலும் சேர்ந்த பற்பசை, தனிப் புளோரைட் பசையைவிடப் பிள்ளைகளின் சூத்தையை 13 வீதம் குறைக்கக்கூடும் என்றது. ஆதாரம் பலவீனமானது என்றும் அதே மீளாய்வு சொன்னது. கவனிக்க வேண்டியது 'புளோரைட்டோடு' என்ற சொல். புளோரைட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சைலிட்டோலை வைக்கச் சொல்லி யாரும் நிரூபிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது புளோரைட் பற்பசையைத்தான்.

ஆகவே கடையில் பார்க்க வேண்டியது ஓர் எண்: 1,000 முதல் 1,500 பி.பி.எம். அது இருந்தால் உள்ளூர்க் கடையின் மலிவுக் குழாயே போதும். சைலிட்டோலும் சேர்ந்திருந்தால் நல்லது. அதற்காக இரண்டு மடங்கு காசு கொடுக்கத் தேவையில்லை. மூன்று வயதுக்குக் கீழே அரிசிமணி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க. துப்பினால் போதும், அள்ளி அள்ளிக் கொப்பளித்தால் பசையின் வேலை தண்ணீரோடு போய்விடும். (வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டோல் குழாயை உயரத்தில் வையுங்கள், அது நாய்க்கு நஞ்சு.)

2008இல் வன்னியிலிருந்து வந்தவர்களை வைத்திருந்த களிமோட்டை, சிறுக்கண்டல் முகாம்கள் இந்தப் பக்கத்தில்தான் இருந்தன. பின்னர் மெனிக் பாம். முதல் கடைவாய்ப்பல் ஆறு வயதில் முளைக்கும். அந்த வயதில் நிவாரண மாவும் சீனியும் தண்ணீர் வரிசையுமாக இருந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. அவர்களில் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பல்லை யாரும் போர்ச் சேதத்தில் எழுதுவதில்லை. இன்று அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பல் முளைக்கிறது.

அவர்களுக்காகக் கேட்க வேண்டியது பற்பசையைவிடப் பெரியது. எந்தக் கிணற்றில் எவ்வளவு புளோரைட் என்ற பரிசோதனை முடிவு தமிழில், கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கிணறுகளில்கூட அளவு ஒன்றாக இருப்பதில்லை. பாடசாலைப் பற்சிகிச்சையாளர் வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லாப் பிள்ளையின் வாயையும் பார்க்க வேண்டும். அந்தச் சேவை 1950களிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

பெரியம்மா கனடாக் குழாயை எறிய மறுத்துவிட்டார், காசு கொடுத்து வாங்கியதாம். அதைத் தான் பாவிக்கப் போகிறாராம். பேரனுக்குக் கடைக் குழாய். கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் அடைத்து என் பைக்குள் வைத்தார். நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்துக்கு அதை எடுத்துப் போகிறேன்.