விரைவு மாதிரி யந்திரம்: தனி முதலா, கூட்டு முதலா?

கருவி நிலத்துக்குப் பொருந்த வேண்டுமேயன்றி, நிலம் கருவிக்குப் பொருந்தாது. இவ்வுண்மையை முற்காலத்துக் குடியானவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். கலப்பை மண்ணில் வேண்டிய ஆழத்துக்கு இறங்காவிட்டால், ஊர்த் தச்சனையும் கொல்லனையும் வயலுக்கே அழைத்துக் காட்டித் திருத்திக்கொண்டனர். இக்காலத்தில் விதைக்கும் கருவியும், மருந்து தெளிப்பானும், சொட்டுநீர்ப் பாசன உறுப்புகளும் தூரத்து ஆலைகளிலிருந்து வருகின்றன. அவை பல ஜில்லாக்களுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. விதைத் தட்டின் குழி பெரிதாயிருந்தால் ஓரிடத்தில் இரண்டு பருப்பு விழும். சிறிதாயிருந்தால் பருப்பு நசுங்கும் அல்லது விழாமலே போகும். இதனால் விளையும் நஷ்டம் ஆலைக்காரரைச் சேர்வதில்லை, குடியானவரையே சேர்கிறது.

கிருஷ்ணகிரி ஜில்லா, போச்சம்பள்ளி தாலூகாவைச் சேர்ந்த நாகரசம்பட்டி வட்டாரத்தில் இக்குறை விசேஷமாகக் கவனிக்கத் தக்கது. மா, நிலக்கடலை, கேழ்வரகு, துவரை, தென்னை முதலியவை பயிராகும் பூமி இது. இதே ஜில்லாவின் மேற்கில், கர்நாடக எல்லையருகே, ஓசூர் இருக்கிறது. டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் முதலிய ஸ்தாபனங்களின் ஆலைகள் அங்கே நடக்கின்றன. மோட்டார் வண்டித் தொழிலிலும் கைக்கடிகாரத் தொழிலிலும் ஒரு புதிய உறுப்பை ஆயிரக்கணக்கில் வார்ப்பதற்கு முன், அதன் மாதிரியைச் செய்து பொருத்திப் பார்ப்பது நியதி. சில மணி தூரத்தில் தொழிலாளிகள் அன்றாடம் கையாளும் இம்முறை, நாகரசம்பட்டியின் கடலைக் கொல்லைக்கு ஏன் எட்டக்கூடாது என்பதே கேள்வி.

யந்திரத்தின் இயல்பு

மாதிரிகளை விரைவாகச் செய்யும் யந்திரங்களுள் மிகவும் மலிவானது முப்பரிமாண அச்சு யந்திரம். ஜனங்கள் இதனைத் த்ரீ டி பிரிண்டர் என்றே வழங்குகின்றனர். பிளாஸ்டிக் இழை சூடான மூக்கின் வழியே உருகி வெளிவந்து, படலத்தின் மேல் படலமாகப் படிந்து பொருளாகிறது. கறையான் புற்றுக் கட்டுவதைக் கண்டவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

அமெரிக்கரான சார்லஸ் ஹல் என்பவர், ஒளிபட்டால் இறுகும் திரவத்தைக் கொண்டு பொருள் செய்யும் முறைக்கு 1986-ல் காப்புரிமை பெற்றார். இழையை உருக்கிப் படியவைக்கும் முறையை ஸ்காட் கிரம்ப் கண்டுபிடித்து 1992-ல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் பாத் சர்வகலாசாலையில் ஏட்ரியன் போயர் 2005-ல் தொடங்கிய ரெப்ராப் என்னும் முயற்சி, இத்தகைய யந்திரத்தின் வரைபடங்களை எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. 2009-ல் கிரம்பின் காப்புரிமை காலாவதியாயிற்று. அதன் பின்னர் விலை வேகமாக இறங்கிற்று. பெரிய ஆலைகள் மட்டுமே வாங்கக்கூடியதாயிருந்த யந்திரம், இன்று சுமார் 20,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. நைலான் தூளை லேசர் ஒளியால் இறுக்கும் யந்திரம் பல லட்சம் பெறும். உலோகத் தூளைக் கையாள்வது கோடியையும் கடக்கும். பின்கூறிய இரண்டும் கிராமத்துக்கு வேண்டுவன அல்ல.

வரைபடமும் மென்பொருளும்

யந்திரம் தானாக யோசிப்பதில்லை. பொருளின் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் எழுதித் தரவேண்டும். அதற்கு ஃப்ரீகேட், ஓப்பன்ஸ்கேட் என்னும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும் பழகக்கூடிய டிங்கர்கேட் என்பதும் இலவசமே. எழுதிய படத்தைப் படலங்களாக வகுத்து யந்திரத்துக்குக் கட்டளையிடும் கியூரா என்பதற்கும் விலையில்லை. ஆலைகள் பெருந்தொகை கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒரு விதைத் தட்டு வரைவதற்கு அவசியமன்று. விலையுள்ளதைத் திருட்டுப் பிரதியாக வைத்துக்கொள்வது சட்டவிரோதம்; இலவசமானவை போதுமாயிருக்க, அவ்விதம் செய்வது மதியீனமுமாகும்.

ஆயினும் மென்பொருள் இலவசம் என்பதால் வரைபடம் இலவசமாகிவிடாது. பருப்புகளை வெர்னியர் காலிப்பரால் அளந்து, குழியின் அகலம், ஆழம், தட்டின் நடுத்துளை ஆகியவற்றைக் குறித்து, பிழையின்றி வரைவதற்குப் பழகியவருக்கே ஒரு நாள் செல்லும். உண்மையான செலவு இதுவே. யந்திரம் விற்போர் இதனைச் சொல்வதில்லை.

கணக்கு

உதாரணமாக ஒரு நிலக்கடலை விதைத் தட்டை எடுத்துக்கொள்ளலாம். தட்டின் குறுக்களவு 15 சென்டிமீட்டர், எடை 80 கிராம் என்று வைத்துக்கொண்டால், கிலோ 1,000 ரூபாய் விலையுள்ள இழையில் 80 ரூபாய் செல்லும். குழியின் அளவு விதையின் மிகப்பெரிய அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகமாயிருப்பது பொது விதி. ஆனால் முதல் முறையிலேயே சரியாக அமைவது அரிது. மூன்று முறை செய்து பார்க்கவேண்டும் என்று கொண்டால் 240 ரூபாய். மின்சாரம் மூன்றுக்கும் சேர்த்து 20 ரூபாய் என்று வைக்கலாம்.

இனி யந்திரத்தின் தேய்மானம். 30,000 ரூபாய் யந்திரம் மூன்று வருஷம் உழைக்குமாயின், வருஷத்துக்கு 10,000 ரூபாய். ஒரு மிராசுதாரர் தாமே வாங்கி, வருஷத்தில் பத்து உருப்படிகள் மட்டும் செய்தால், உருப்படி ஒன்றுக்கு 1,000 ரூபாய் தேய்மானம் சேரும். மூன்று தட்டுக்கு 3,000. ஆகமொத்தம் 3,260 ரூபாய். பத்து ஊரார் கூடி வாங்கி வருஷத்தில் இருநூறு உருப்படிகள் செய்தால், தேய்மானம் உருப்படிக்கு 50 ரூபாயே. அப்போது மூன்று தட்டுக்கும் ஆகமொத்தம் 410 ரூபாய். வரைபவரின் ஒரு நாட்கூலி இரண்டுக்கும் பொது. ஆனால் கூட்டில் ஒரு முறை வரைந்த படம் அடுத்த குடியானவருக்குக் கூலியின்றிப் பயன்படும். தனி முதல் வீண் முதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாதிரி பார்க்காமல் பிளாஸ்டிக் வார்ப்புக்கான டை செய்யக் கொடுத்தால், அச்செலவு பெரும்பாலும் லட்சக் கணக்கில் ஆகும். டை தவறானால் அதனைத் திருத்துவது மேலும் செலவு.

யந்திரம் செய்யமாட்டாதவை

இதன் குறைகளையும் மறைத்தலாகாது. பி.எல்.ஏ. என்னும் இழை மக்காச்சோளம், கரும்பு முதலியவற்றின் மாவு அல்லது சர்க்கரையிலிருந்து செய்யப்படுவது, கையாள எளிது. ஆனால் சுமார் 60 டிகிரி சென்டிகிரேடில் இளகிவிடும். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள்ளோ தகரக் கொட்டகையிலோ வைத்தால் கோணலாகும். வயலுக்குச் செல்லும் உறுப்புகளைச் சுமார் 80 டிகிரி வரை தாங்கும் பி.ஈ.டி.ஜி. இழையிற் செய்தல் நலம்.

படலங்கள் ஒட்டியுள்ள இடமே பலவீனமான இடம்; இழுவையில் அங்கேதான் பிளக்கும். ஆகவே கலப்பைக் கொழு, டிராக்டர் இணைப்பு, அரிவாள் முதலியவற்றை இதிற் செய்து உபயோகிப்பது ஆபத்து. மாங்காயைக் காம்புடன் கொய்யும் அலக்கில், கத்தியைத் தாங்கும் பிடியின் வடிவத்தை இதிற் செய்து சரிபார்க்கலாம். முடிவில் இரும்பிற் செய்ய வேண்டியவர் கொல்லரே. வார்ப்படச் சாலையில் மணல் அச்சு எடுப்பதற்கு இம்மாதிரியையே கொடுக்கலாம். அப்போது உலோகம் ஆறும்போது சுருங்கும் அளவை, வார்ப்பிரும்புக்கு நூற்றுக்கு ஒன்று வீதம், முன்கூட்டியே சேர்த்து வரைய வேண்டும்.

யந்திரத்தின் மூக்கு சாதாரணமாக 0.4 மில்லிமீட்டர் அகலமுள்ளது. துவரைக்கும் கடலைக்கும் இது போதும். கேழ்வரகு விதையோ ஒன்றரை மில்லிமீட்டர் அளவினது. அதன் குழியைச் சுத்தமாக அமைத்தல் கடினம். மின்சாரம் பாதியில் நின்றால் பொருளும் பாதியில் நிற்கக்கூடும். ஆளில்லாமல் இரவு முழுதும் ஓடவிடுவது தீவிபத்துக்கு இடமாகும்.

எங்கே வைப்பது, யார் நடத்துவது

பெங்களூர் அருகிருக்க, வேண்டியதை அங்கே செய்து வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். வருஷத்துக்கு இரண்டொரு உருப்படியே வேண்டுமாயின் அதுவே சிக்கனம். அதற்காக யந்திரம் வாங்குவது தவறு. ஆனால் விதைப் பருவம் காத்திராது. மழை பெய்த மறுநாள் தட்டின் குழி சிறிதென்று தெரிந்தால், அன்று மாலையே வேறொன்று செய்தல் வேண்டும். அதனினும் முக்கியமானது, வரைபடம் யாரிடம் இருக்கிறது என்பது. வரைபடம் வெளியூர்க் கடையிலிருந்தால் ஒவ்வொரு முறையும் கடைக்காரரையே நாடவேண்டும். ஊரிலிருந்தால் எந்த யந்திரத்திலும் செய்துகொள்ளலாம்.

கிராமத்தில் இது நடக்குமா என்று சந்தேகிப்போர் மகாராஷ்டிரத்தை நோக்கலாம். புனே ஜில்லாவிலுள்ள பாபல் என்னும் கிராமத்தில், டாக்டர் கல்பாக் 1983-ல் ஏற்படுத்திய விஞ்ஞான ஆசிரமம், கிராமத்து இளைஞர்களுக்குச் செய்கையின் மூலம் கல்வி புகட்டுவது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தார் வகுத்த ஃபேப் லேப் என்னும் மாதிரிப் பட்டறை, அந்நாட்டுக்கு வெளியே முதன்முதலில் 2002-ல் அமைந்தது இக்கிராமத்திலேதான். பெருநகரத்துக்கு முன் கிராமம் இத்துறையில் இறங்கியது என்பது எண்ணத்தக்கது.

நாகரசம்பட்டி வட்டாரத்தார் புதிதாகக் கட்டடம் எழுப்பவேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோ கூட்டுறவுச் சங்கமோ யந்திரத்துக்கு உரிமை வகிக்கலாம். மத்திய சர்க்காரின் அடல் டிங்கரிங் லேப் திட்டம், தெரிந்தெடுத்த பள்ளிகளுக்கு 20 லட்ச ரூபாய் வரை உதவி செய்து, இத்தகைய யந்திரங்களை வைத்துக்கொள்ள இடமளித்தது. அப்படிப்பட்ட பள்ளி அருகிலிருந்தால், விடுமுறை நாட்களில் அதன் பட்டறையை உபயோகிக்கத் தலைமையாசிரியரை அணுகலாம். வரைபவரைத் தேடிப் பெங்களூர் செல்லவேண்டியதுமில்லை. பர்கூர் அரசினர் பொறியியற் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் படித்து வெளிவரும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளே போதும். செய்த தட்டைப் பெருவாரியாக உபயோகிக்குமுன், பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தாரிடம் காட்டி அபிப்பிராயம் பெறுவது உசிதம்.

கிராம உத்தியோகஸ்தர்களும் ஊர்த் தலைவர்களும் முதலில் செய்யவேண்டியது யந்திரம் வாங்குவதன்று, ஜாபிதா தயாரிப்பதே. எந்தெந்தக் கருவியில் எந்த உறுப்பு அடிக்கடி பழுதாகிறது, எது இவ்வட்டாரத்து விதைக்கும் மண்ணுக்கும் பொருந்தவில்லை, எதற்காக விதைப்புத் தாமதமாயிற்று என்பவற்றை ஒரு பருவம் முழுதும் எழுதி வைத்தால், வருஷத்துக்கு எத்தனை உருப்படிகள் வேண்டுமென்பது புலப்படும். எண்ணிக்கை நூறைத் தாண்டினால் கூட்டாக ஒரு யந்திரம் வாங்கலாம். தாண்டாவிட்டால் வரைபடத்தை மட்டும் தாமே வைத்துக்கொண்டு, செய்யும் வேலையை வெளியிற் கொடுக்கலாம். இவ்விரண்டிலும் நஷ்டமில்லை. ஜாபிதா இன்றி, விளம்பரத்தை நம்பி ஆளுக்கொரு யந்திரம் வாங்கித் திண்ணையில் தூசி படிய விடுவதே நஷ்டத்துக்கு வழி.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடத்திப் பார்த்து, அதன் பின்னரே பணத்தை எண்ணுகிறார். கருவி விஷயத்திலும் அந்த எச்சரிக்கை வேண்டும். மாதிரியை முன்னே பார்த்து, முதலைப் பின்னே போடும் குடியானவர், ஆலைக்காரர் கொடுத்ததைக் கொண்டு திருப்தியடையும் நிலையிலிருந்து, தமக்கு வேண்டியது இதுவென்று அளவுடன் கேட்கும் நிலைக்கு உயர்வார் என்பதில் ஐயமில்லை.