பையைச் சுமக்கலாம், படியை மிதிக்கலாகாதாம்!

1963ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரில், கண்ட்ரி கழகத்துத் திடலில், கோல்பு எனப்படும் குழிப்பந்தாட்டத்தின் 'நேட்டால் திறந்த போட்டி' நடந்து முடிந்தது. வென்றவர் பாப்வா சீகோலம், இந்திய மரபினர், வெள்ளையரின் மட்டைப் பைகளைச் சுமந்து பிழைத்தவர். மழை பெய்தது. வெற்றிக் கிண்ணமோ வெளியே, மழையிலேயே, அவர் கையில் தரப்பட்டது. கழகக் கட்டடத்தினுள் வெள்ளையரல்லாதார் கால் வைக்கலாகாது என்பதே கரணியம்!

பெயரோ திறந்த போட்டி! அன்று அவருக்குத் திறந்திருந்தது எது? வானம் ஒன்றே!

அவர் திறத்தில் குறைந்தவரா? ஆலந்து நாட்டின் திறந்த போட்டியை 1959, 1960, 1964 என மும்முறை வென்றவர். 1965இல் ஞாலப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே தர்பனில் வீழ்த்தியவர். அதற்கு அவர் பெற்ற பரிசு என்ன? வெள்ளையரோடு ஆடவே கூடாது என்னும் அரசின் தடை! தோற்றிருந்தால் பொறுத்திருப்பர், வென்றமையால் விலக்கினர். 1978இல் வறுமையிலேயே அவர் மறைந்தார்.

"கழகம் தனியாருடையது, யாரைச் சேர்ப்பது என்பது அவர்தம் உரிமை" என்பாருளர். அங்ஙனமாயின், 1950இல் நிலத்தை இனவாரியாகக் கூறுபோட்ட சட்டம் யாருடையது? அரசினுடையதன்றோ? 1860இல் சென்னையினின்று 'துரூரோ' கப்பலில் ஏற்றப்பட்டு, தர்பனில் இறக்கப்பட்ட உடன்படிக்கைக் கூலிகளும், அவர்க்குப் பின் வந்தோரும் கரும்புக் கொல்லைகளில் சிந்திய வியர்வையிலன்றோ நேட்டால் செழித்தது? உழைப்பு உள்ளே வரலாம், உழைத்தவன் வரலாகாது என்பது உரிமையன்று, கொள்ளை!

இக்கொடுமை ஒரு நாட்டோடு நின்றதுமன்று. அமெரிக்கத் தொழில்முறைக் குழிப்பந்தாட்டக்காரர் கழகம், வெள்ளையர்க்கே இடம் என்று 1961 வரை தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. ஆகசுத்தா நேசனல் கழகம் முதல் கருப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990இல். பெண்களைச் சேர்த்ததோ 2012இல்!

1994இல் தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கல் ஆட்சி வீழ்ந்தது. தர்பனில் ஒரு திடல் சீகோலத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நன்று! ஆயின், தோலின் நிறம் பார்த்த வாயிற்காவலன் போன இடத்தில், பணப்பையின் எடை பார்க்கும் காவலன் வந்து நிற்கின்றான். பெயரைப் பலகையில் எழுதுதல் எளிது. பை சுமப்பவனின் கையில் மட்டையைக் கொடுத்து ஆடவிடுதலே அரிது. அது நிகழும் வரை, அன்று பெய்த மழை இன்னும் ஓயவில்லை!